வெளிநாட்டு அனாதை இல்லங்களில் பெற்றோரும் பிள்ளையும் தொண்டூழியம் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைப் பாதுகாப்பு குறித்துப் பெற்றோருடன் பேசும் பணியில் இருப்பதால், பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சென்னையிலும் உள்ள தமிழ்க் குடும்பங்கள் ஒரே வகையான ஐயங்களை என்னிடம் கேட்பது வழக்கமாகிவிட்டது. பதின்ம வயதுப் பிள்ளையை அழைத்துக்கொண்டு கம்போடியாவுக்கோ நேபாளத்துக்கோ சென்று, அங்குள்ள ஓர் அனாதை இல்லத்தில் சில நாள் தங்கி உதவ வேண்டும் என்பதே அவர்களுடைய விருப்பம். அவர்கள் கேட்டதைக் கேட்டவாறே வைத்து, என் பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். சிங்கப்பூர், மலேசியக் குடும்பங்கள் பெரும்பாலும் கம்போடியாவைப் பற்றியே கேட்பதால் அந்நாட்டைப் பற்றிய செய்திகள் இதில் அதிகமாக இருக்கும்.

என் மகளுக்கு 15 வயது. ஜூன் விடுமுறையில் நாங்கள் இருவரும் சியம் ரீப்பில் ஓர் அனாதை இல்லத்தில் இரண்டு வாரம் தொண்டு செய்யலாம் என்று இருக்கிறோம். போகலாமா?

கம்போடியாவுக்குத் தாராளமாகப் போகலாம். அங்கே இருவரும் சேர்ந்து பயனுள்ள பலவற்றைச் செய்யவும் முடியும். ஆனால் குழந்தைகள் தங்கி வளரும் இல்லத்துக்குள் குறுகிய காலத் தொண்டூழியராகப் போக வேண்டாம் என்பதே என் பதில். உங்கள் நல்லெண்ணத்தில் எனக்கு எள்ளளவும் ஐயம் இல்லை. இல்லங்களைத் தேடி வெளிநாட்டவர் தொடர்ந்து வருவதனாலேயே, வீட்டில் இருக்க வேண்டிய பிள்ளைகள் இல்லங்களுக்குக் கொண்டுவரப்படுகின்றனர் என்பதுதான் என் கவலை. அந்தத் தொடர்பைக் கீழே வரும் பதில்களில் விளக்குகிறேன்.

இது என் தனிப்பட்ட கருத்து மட்டும் அன்று. 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றிய குழந்தை உரிமைகள் பற்றிய தீர்மானம், அனாதை இல்லத் தொண்டூழியமும் அதை ஒட்டிய சுற்றுலாவும் குழந்தைகளுக்கு விளைவிக்கும் தீங்குகளைக் குறிப்பிட்டு, அவற்றைத் தடுக்க நடவடிக்கை எடுக்குமாறு உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

அங்கே இருப்பவர்கள் தாய் தந்தை இல்லாத பிள்ளைகள்தானே? அவர்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ, பல நேரங்களில் இருவருமோ உயிருடன் இருக்கின்றனர். கம்போடியாவில் இல்லங்களில் வாழும் பிள்ளைகளுள் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் இருப்பதாக அந்நாட்டு அரசும் யுனிசெஃபும் சேர்ந்து எடுத்த கணக்குகள் காட்டின. நேபாளத்திலும் நிலைமை ஏறக்குறைய இதுவே. கம்போடியாவில் கெமர் ரூஜ் ஆட்சியில் லட்சக்கணக்கானோர் மாண்டது 1975க்கும் 1979க்கும் இடைப்பட்ட காலம். அப்போது அனாதைகளானவர்கள் இன்று நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள். இன்று நீங்கள் காணும் எட்டு வயதுப் பிள்ளை இல்லத்துக்கு வந்ததற்குக் காரணம் வேறு.

வறுமையும் படிப்பும்தான் முதன்மையான காரணங்கள். ஊரில் உயர்நிலைப் பள்ளி இல்லை, கடன் கழுத்தை நெரிக்கிறது, தாய் தாய்லாந்துக்கு வேலைக்குப் போயிருக்கிறாள், தந்தை மறுமணம் செய்துகொண்டார் என்றெல்லாம் இருக்கும்போது, நகரத்திலிருந்து வரும் ஒருவர் உங்கள் பிள்ளைக்கு இலவசமாக ஆங்கிலமும் கணினியும் கற்றுத் தருகிறோம் என்று சொன்னால் எந்தத் தாய்தான் மறுப்பாள்? தன் பிள்ளை அனாதை என்று அறிமுகப்படுத்தப்படுவது அவளுக்குப் பெரும்பாலும் தெரியாது.

சாப்பாட்டுக்கே வழியில்லாத வீட்டைவிட மூன்று வேளைச் சோறும் படிப்பும் கிடைக்கும் இல்லம் மேல் இல்லையா? நானே விடுதியில் தங்கிப் படித்தவன்தான்.

நம்மில் பலர் விடுதியில் தங்கிப் படித்து முன்னேறியவர்கள் என்பதால் இந்தக் கேள்வி இயல்பாக எழுகிறது. ஆனால் விடுதியில் சேர்ந்த நமக்குப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது. அம்மா யார், ஊர் எது என்பதில் ஐயம் இருக்கவில்லை. பெரும்பாலும் பத்து வயதைக் கடந்த பிறகே போனோம். இல்லத்தில் சேர்க்கப்படும் பிள்ளை மூன்று, நான்கு வயதிலேயே குடும்பத்தைப் பிரிகிறது. பல ஆண்டுகள் ஊர்ப் பக்கம் போவதே இல்லை. நேபாளத்தில் சில பிள்ளைகளுக்குப் பெயரையே மாற்றி, பெற்றோர் இறந்துவிட்டதாகப் போலி ஆவணம் தயாரித்திருந்தனர்.

இல்ல வாழ்க்கை சிறு குழந்தையை என்ன செய்கிறது என்பதற்கு மிக வலுவான சான்று ருமேனியாவிலிருந்து வந்தது. சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி 1989இல் வீழ்ந்தபோது, அந்நாட்டு அரசு இல்லங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அடைபட்டிருந்தது உலகுக்குத் தெரிந்தது. சில ஆண்டுகள் கழித்து சார்ல்ஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்ல்ஸ் சீனா ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் புக்கரெஸ்டில் உள்ள இல்லங்களிலிருந்து 136 குழந்தைகளைத் தெரிவுசெய்து, பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து, எஞ்சியவர்களுடன் ஒப்பிட்டுப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். குடும்பங்களில் வளர்ந்தவர்களின் அறிவுத்திறன், பேச்சு, பிறரிடம் பிணைப்புக் கொள்ளும் இயல்பு ஆகியவை மேம்பட்டன. குறிப்பாக இரண்டு வயதுக்கு முன்பே குடும்பத்துக்குப் போனவர்கள் மிக நன்றாகத் தேறினர். அந்த ருமேனிய இல்லங்களின் கொடுமை வேறு, நீங்கள் பார்க்கப்போகும் வண்ணம் பூசிய இல்லம் வேறு என்பது உண்மை. ஆனால் சிறு குழந்தைக்குத் தன்னையே நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு நிலையான பெரியவர் வேண்டும் என்பதும், நேரத்துக்கு ஆள் மாறும் பணியாளர்களால் அது இயலாது என்பதும் இரண்டுக்கும் பொருந்தும்.

வறுமைக்கு மருந்து வறுமையைக் குறைப்பதுதான். ஒரு பிள்ளையை இல்லத்தில் வைத்துப் பராமரிக்க ஆகும் செலவைவிடக் குறைந்த தொகையில், அரிசி, பள்ளிச் சீருடை, ஒரு மிதிவண்டி, தாய்க்கு ஒரு தொழில் என்று கொடுத்து அதே பிள்ளையை வீட்டிலேயே வளர்க்க முடியும்.

நாங்கள் இரண்டு வாரமும் அந்தக் குழந்தைகளிடம் பாசமாகத்தானே இருக்கப்போகிறோம்? அதில் என்ன கெடுதல்?

அந்தப் பாசம் உண்மையானது என்பதுதான் இங்கே சிக்கல். நீங்கள் போகும் முதல் நாளே பிள்ளைகள் ஓடிவந்து மடியில் ஏறிக்கொள்வர். கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார்கள். பார்ப்பவர்கள் நெகிழ்ந்துபோகின்றனர். ஆனால் நான்கு வயதுக் குழந்தை முன்பின் தெரியாதவரிடம் இப்படி ஒட்டிக்கொள்வது, அதன் பிணைப்பு உணர்வு ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். பெற்றோருடன் வளரும் குழந்தை புதியவரைக் கண்டால் முதலில் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்ளும். நம் வீடுகளில் பார்த்திருக்கிறோம்.

நீங்கள் கிளம்பிய மறுவாரம் இன்னொரு குழு வரும். அதற்கடுத்த வாரம் வேறொன்று. நெருங்குவதும் பிரிவதும் மாறி மாறி நடக்கும்போது அந்தக் குழந்தையிடம் ஏற்படும் பாதிப்பைத் தென்னாப்பிரிக்காவின் லிண்டா ரிக்டரும் ஏமி நார்மனும் 2010இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை விரிவாக எடுத்துரைத்தது. எய்ட்ஸ் நோயால் பெற்றோரை இழந்த பிள்ளைகளைப் பார்க்க ஆப்பிரிக்க நாடுகளுக்கு வந்துபோன தொண்டூழியர்களைப் பற்றியது அது. உங்கள் மகளுக்கும் பிரியும்போது வலிக்கும். ஆனால் அவள் உங்களுடன் விமானம் ஏறி வீடு திரும்புவாள்.

எங்களைப் போன்றவர்கள் கொடுக்கும் பணத்தில்தானே அந்த இல்லம் நடக்கிறது? நாங்கள் போகாவிட்டால் பிள்ளைகள் பட்டினி கிடப்பார்களே?

எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி இதுதான் என்று கருதுவதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையே இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு கூடியது. அந்த ஐந்தாண்டுகளில் போரோ பெருங்கொள்ளை நோயோ இல்லை. எய்ட்ஸ் மரணங்கள்கூடக் குறைந்துகொண்டிருந்தன. கூடியது சுற்றுலா. 2015–16இல் அரசு எடுத்த கணக்கில் 406 இல்லங்களும் அவற்றில் 16,579 பிள்ளைகளும் இருந்தனர். இல்லங்கள் மிகுந்திருந்த இடங்களுள் நோம் பென்னும் அங்கோர் வாட் அருகிலுள்ள சியம் ரீப்பும் அடங்கும். சியம் ரீப்பில் மாலை நேரங்களில் இல்லப் பிள்ளைகளைச் சுற்றுலாப் பயணிகள் முன் நடனம் ஆட வைப்பதும், கடைத்தெருவில் துண்டறிக்கை கொடுக்க அனுப்புவதும் பல ஆண்டுகள் வெளிப்படையாகவே நடந்தன.

நேபாளத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அப்போதிருந்த 75 மாவட்டங்களுள் காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், போக்கரா அடங்கிய காஸ்கி, சித்வன் ஆகிய ஐந்தில் மட்டும் நாட்டின் இல்லங்களுள் ஏறத்தாழ 90 விழுக்காடு இருந்தன. ஐந்துமே சுற்றுலாப் பயணிகள் கூடும் இடங்கள். ஏழ்மை மிகுந்த ஹும்லா போன்ற மேற்கு மலை மாவட்டங்களிலிருந்து, 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது, பிள்ளைகளைப் பாதுகாப்பாகப் படிக்க வைக்கிறோம் என்று சொல்லிப் பெற்றோரிடம் பெரும் பணமும் வாங்கிக்கொண்டு தரகர்கள் அழைத்துவந்தனர். பிள்ளைகளைத் தெருவில் விட்டுவிட்டுத் தலைமறைவான தரகர்களும் உண்டு. அந்தப் பிள்ளைகளை வைத்தே இல்லம் தொடங்கி வெளிநாட்டவரிடம் நன்கொடை வாங்கியவர்களும் உண்டு.

எனவே, பிள்ளைகள் இருப்பதால் இல்லம் நடக்கிறது, இல்லம் நடப்பதால் நாம் போகிறோம் என்று நாம் எண்ணும் வரிசை பல இடங்களில் தலைகீழாக இருக்கிறது. நாம் போகிறோம், அதனால் இல்லம் இலாபம் தருகிறது, அதற்குப் பிள்ளைகள் தேவைப்படுகின்றனர். வருபவர் இரக்கப்பட்டால்தான் பணம் வரும் என்பதால் சில இடங்களில் பிள்ளைகளை வேண்டுமென்றே கந்தலிலும் அரைப் பட்டினியிலும் வைத்திருந்ததும் கண்டறியப்பட்டது. ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு ஒன்று நவீன அடிமைத்தனம் பற்றி 2017 டிசம்பரில் அளித்த அறிக்கையில் இவ்வாறு இல்லங்களுக்காகப் பிள்ளைகளைக் கடத்துவதற்குத் தனி இடம் கொடுத்தது. மறு ஆண்டே அந்நாட்டு அரசு, குறுகிய கால அனாதை இல்லத் தொண்டூழியத்தைத் தவிர்க்குமாறு மாணவர்களைக் கேட்டுக்கொண்டது.

ஏற்கெனவே உள்ளே இருக்கும் பிள்ளைகளின் சாப்பாடு என்னாகும் என்பது நியாயமான கவலைதான். மாத நன்கொடை பற்றிய கேள்வியில் அதற்கு வருகிறேன்.

நாங்கள் பார்த்து வைத்திருக்கும் இல்லம் அரசாங்கத்தில் பதிவு செய்தது. அப்படியானால் சரிதானே?

பதிவு என்பது அடிப்படைத் தேவை. அதற்கு மேல் அது எதையும் உறுதிசெய்வதில்லை. கம்போடியா 2015இல் இல்லங்களை ஒழுங்குபடுத்த ஒரு துணை ஆணையைக் கொண்டுவந்தது. அதன் பிறகு அரசே, இல்லங்களில் உள்ள பிள்ளைகளில் 30 விழுக்காட்டினரைக் குடும்பங்களுக்குத் திருப்பி அனுப்பும் இலக்கை அறிவித்தது. இல்ல வாழ்க்கை கடைசி வழியாகவும் தற்காலிகமாகவும் இருக்க வேண்டும் என்பதே அந்நாட்டுக் கொள்கை. நாம் விருந்தினராகச் செல்லும் நாட்டின் கொள்கைக்கு மாறாகத் தொண்டு செய்வது பொருத்தமாக இராது.

நேபாளம் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சுற்றுலா விசாவில் நுழைந்து தொண்டூழியம் செய்வது அங்கே விதிமீறல். அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் உங்களை அழைக்கும் முகவர் வேறு எவற்றையெல்லாம் சொல்லாமல் விடுகிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

நல்ல இல்லம், மோசமான இல்லம் என்று எப்படிப் பிரித்து அறிவது?

முதலில் உங்களையே வைத்துச் சோதியுங்கள். காவல்துறைச் சான்றிதழ் கேட்காமல், உங்கள் பின்புலத்தை விசாரிக்காமல், மொழி தெரியாத உங்களையும் 15 வயதுப் பெண்ணையும் பிள்ளைகள் தூங்கும் அறை வரை ஓர் இல்லம் அனுமதிக்கிறது என்றால், அதே வாசல் வழியாக வேறு எவரும் உள்ளே போகலாம் என்று பொருள். குழந்தைகளிடம் தீய நோக்கத்தோடு வருபவர்கள் இத்தகைய இடங்களைத் தேடி வருகின்றனர் என்பது நீதிமன்றங்களில் நிரூபிக்கப்பட்ட வழக்குகளால் தெரிந்த உண்மை. முன்னறிவிப்பு இல்லாமல் வந்து பார்க்கலாம், குழந்தையை வெளியே அழைத்துப் போகலாம் என்று சொல்லும் இல்லம் அபாயமானது.

நல்ல அமைப்பிடம் கேட்டால் ஒவ்வொரு பிள்ளையும் ஏன் வந்தது, குடும்பம் எங்கே, எப்போது திரும்பும் என்பதற்குப் பதில் இருக்கும். அதை உங்களிடம் விவரமாகச் சொல்ல மறுக்கவும் செய்வர், ஏனெனில் அது பிள்ளையின் அந்தரங்கம். பிள்ளைகளைப் பார்க்க வருகிறோம் என்றால் வேண்டாம் என்பர். ஆகையால், உங்களை உள்ளே விடும் இல்லத்துக்குப் போகக் கூடாது. போகத் தகுதியான இல்லம் உங்களை உள்ளே விடாது. முரண்போலத் தோன்றினாலும், தெரிவு செய்ய இதைவிட எளிய அளவுகோலை நான் கண்டதில்லை.

நாங்கள் ஆங்கிலம் மட்டும்தான் சொல்லிக்கொடுக்கப் போகிறோம்.

வாரத்துக்கு ஒரு புது ஆசிரியர் வந்தால், பிள்ளைகள் தங்கள் பெயரையும் வயதையும் ஆங்கிலத்தில் சொல்லும் பாடத்தையே ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்பப் படிப்பர். உங்கள் இருவரின் பயணச் செலவைக் கணக்கிட்டுப் பாருங்கள். கெமர் மொழியும் ஆங்கிலமும் அறிந்த உள்ளூர் ஆசிரியர் ஒருவருக்குப் பல மாதச் சம்பளம் அதில் அடங்கும்.

நான் இயன்முறை மருத்துவர். என் திறமை அங்கே உண்மையிலேயே தேவைப்படும் அல்லவா?

தேவைப்படும், அதிலும் உடற்குறை உள்ள பிள்ளைகளுக்கு மிகவும் தேவைப்படும். ஆனால் நேரடியாகக் குழந்தைக்குச் சிகிச்சை அளித்துவிட்டு இரண்டு வாரத்தில் திரும்பினால், தொடர்ந்து செய்ய ஆள் இராது. உள்ளூர் இயன்முறையாளர்களுக்கும் பராமரிப்பாளர்களுக்கும் பயிற்சி அளியுங்கள். ஊர் திரும்பிய பிறகும் காணொளி வழியாக அவர்களின் ஐயங்களைத் தீர்த்துவையுங்கள். மருத்துவமனையோ, வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கான மறுவாழ்வு மையமோ கேட்டு அழைத்தால் போவது முற்றிலும் வேறு.

அப்போது மகளை என்ன செய்வது என்று அடுத்துக் கேட்பீர்கள். அவளுக்கு அந்தத் திறமை இல்லாததால் சிகிச்சை அறையில் அவளுக்கு இடம் இல்லை. பயிற்சிக் கையேட்டுக்குப் படம் வரையவோ காணொளி தொகுக்கவோ அவளால் முடியும்.

எங்கள் மகனின் பள்ளியே இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்கிறது. பெற்றோர் துணைக்கு வரலாம் என்கிறார்கள். பள்ளி செய்வதை எப்படி மறுப்பது?

பள்ளிகள் நல்ல எண்ணத்தோடுதான் ஏற்பாடு செய்கின்றன. பல நேரங்களில் பயண முகவர் தந்த அட்டவணையை அப்படியே ஏற்றிருப்பர். எனவே மறுப்பாகத் தொடங்காமல் கேள்வியாகத் தொடங்குங்கள். அட்டவணையில் குழந்தைகள் தங்கும் இல்லம் இருக்கிறதா, அங்கே மாணவர்கள் பிள்ளைகளுடன் எவ்வளவு நேரம் இருப்பர், அந்த இல்லத்தைத் தேர்ந்தெடுத்தது யார், பள்ளிக்குக் குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். மாணவர் பயணங்களையும் தொண்டூழியப் பயணங்களையும் உலகளவில் நடத்திவந்த வேர்ல்ட் சேலஞ்ச், பிராஜெக்ட்ஸ் அப்ராட் போன்ற பெரிய நிறுவனங்களே 2017 வாக்கில் அனாதை இல்லப் பயணங்களைக் கைவிட முடிவெடுத்தன என்பதை எடுத்துச் சொன்னால் ஆசிரியர்கள் செவிசாய்க்கின்றனர்.

அந்தக் கடிதத்தை உங்கள் மகனே எழுதட்டும். பல நூறு மாணவர் செல்லும் ஒரு பயணத்தின் போக்கை மாற்றுவது, அவன் அங்கே இரண்டு வாரம் சுவருக்கு வண்ணம் பூசுவதைவிடப் பெரிய தொண்டு.

விமானச் சீட்டு வாங்கியாகிவிட்டது. இப்போது என்ன செய்வது?

பயணத்தை நிறுத்த வேண்டாம், நோக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். நோம் பென்னில் 1994 முதல் இயங்கும் ஃபிரெண்ட்ஸ் இன்டர்நேஷனல், தெருவில் வாழ்ந்த இளைஞர்களுக்குச் சமையலும் பரிமாறலும் கற்பித்து உணவகம் நடத்துகிறது. குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள்கள் அல்லர் என்ற பரப்புரையை 2011இல் கம்போடியாவில் முன்னெடுத்ததும் இவர்களின் சைல்ட்சேஃப் இயக்கமே. அந்த உணவகத்தில் சாப்பிட்டால் உங்கள் பணம் ஓர் இளைஞரின் பயிற்சிக்கு உதவுகிறது. சியம் ரீப்பில் ஃபாரே சர்க்கஸைப் பாருங்கள். அகதி முகாமிலிருந்து திரும்பிய இளைஞர்கள் 1994இல் பட்டம்பாங் நகரில் தொடங்கிய கலைப் பள்ளியின் மாணவர்கள் அதில் ஆடுகின்றனர். மேலே சொன்ன இல்ல நடனத்துக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை உங்கள் மகள் தானே உணர்வாள்: இவர்கள் பயிற்சி பெற்ற கலைஞர்கள், ஊதியம் பெறுகின்றனர், இரவு வீட்டுக்குப் போகின்றனர். கண்ணிவெடிகளை மோப்பம் பிடிக்க எலிகளைப் பழக்கும் அப்போப்போ அமைப்பின் பார்வையாளர் மையமும் அங்கே இருக்கிறது. பதின்ம வயதினர் மனத்தில் அது ஆழப் பதியும்.

கையால் ஏதேனும் கொடுத்தே ஆக வேண்டும் என்ற உந்துதல் பெரியவரான உங்களுக்கு இருந்தால், சியம் ரீப்பில் உள்ள காந்தா போபா குழந்தைகள் மருத்துவமனை சுற்றுலாப் பயணிகளிடம் நெடுங்காலமாக இரத்த தானம் கேட்டுவருகிறது. டெங்கு பரவும் மழைக்காலத்தில் அது ஓர் உயிரைக் காக்கக்கூடும்.

நாங்கள் ஏற்கெனவே அந்த இல்லத்துக்குப் போய் வந்துவிட்டோம். அங்கே ஒரு சிறுவன் என் மகளை அக்கா என்று அழைத்து இன்றும் செய்தி அனுப்புகிறான். தொடர்பை அறுத்துவிட வேண்டுமா?

அறுக்க வேண்டாம். பிரிவின் வலியைப் பற்றி மேலே எழுதிய நானே, சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துபோகுமாறு கூற மாட்டேன். ஆனால் தொடர்பின் தன்மையை மாற்ற வேண்டும். தனிப்பட்ட செய்திகளாக இல்லாமல், இல்லப் பொறுப்பாளரும் நீங்களும் பார்க்கக்கூடிய கடிதங்களாக அது நடக்கட்டும். இரு பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் அதுவே நல்லது. மீண்டும் வருவேன், உன்னைச் சிங்கப்பூருக்கு அழைத்துப்போவேன் என்பது போன்ற வாக்குறுதிகள் வேண்டாம். பணமோ கைப்பேசியோ நேரடியாக அனுப்ப வேண்டாம்.

அவனுடைய அம்மா எங்கே இருக்கிறார், எப்போது ஊருக்குப் போனான், அங்கே யாரெல்லாம் இருக்கிறார்கள் என்பதை உங்கள் மகள் அன்போடு விசாரிக்கலாம். சொல்ல விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். அவன் வாழ்நாள் முழுவதும் அவனோடு இருக்கக்கூடிய உறவுகள் அந்த ஊரில் இருக்கின்றன. அங்கே போய் வர இல்லம் அவனை அனுமதிக்கிறதா என்பதைப் பொறுப்பாளரிடம் நீங்கள் கேளுங்கள்.

மாதந்தோறும் அந்த இல்லத்துக்குப் பணம் அனுப்புகிறோம். இப்போதே நிறுத்திவிடலாமா?

பிள்ளைகள் அடிக்கப்படுகின்றனர், பட்டினி போடப்படுகின்றனர் என்று தெரிந்தால் ஒழிய, திடீரென நிறுத்தாதீர்கள். எல்லோரும் ஒரே நாளில் கையை விரித்தால் பிள்ளைகள் முறையான ஏற்பாடு எதுவும் இல்லாமல் ஊருக்கு அனுப்பப்படுவர், அல்லது இன்னொரு மோசமான இல்லத்துக்கு மாற்றப்படுவர்.

இத்தனை மாதங்களுக்குத் தருகிறோம், அதற்குள் பிள்ளைகளின் குடும்பங்களைத் தேடிக் கண்டறியும் பணியைத் தொடங்குங்கள், பயிற்சி பெற்ற சமூகப் பணியாளரை அமர்த்துங்கள், அதன் பிறகு எங்கள் பணம் வீடு திரும்பும் பிள்ளைகளின் படிப்புக்கும் குடும்பத்தின் பிழைப்புக்கும் போகட்டும் என்று எழுதுங்கள். இல்லத்தைப் பகல் நேரப் பள்ளியாகவோ சமூக மையமாகவோ மாற்றிய நிர்வாகிகள் உண்டு. கட்டடமும் பணியாளர்களும் அப்படியே பயன்படுவர். நேர்மையான நிர்வாகி இத்தகைய கடிதத்தை வரவேற்பார். கோபப்பட்டு, புதுப் பிள்ளைகளின் படங்களை அனுப்பத் தொடங்கினால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

சரி, உண்மையிலேயே யாருமற்ற பிள்ளைகள் சிலராவது இருப்பார்களே? அவர்களுக்கு என்ன வழி?

இருக்கின்றனர். முதலில் பாட்டி, சித்தப்பா, அத்தை என்று உறவினரைத் தேட வேண்டும். அது இயலாதபோது வளர்ப்புக் குடும்பம், தத்து. அதுவும் இயலாதபோது, அல்லது தேடும் இடைக்காலத்தில், சிறிய குழு இல்லம் என்பதே 2009இல் ஐக்கிய நாடுகள் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டு நெறிகள் காட்டும் போக்கு. இது ஏட்டில் மட்டும் உள்ள ஒழுங்கு அன்று. இலங்கையில் 2004 ஆழிப்பேரலையில் பெற்றோரை இழந்த பிள்ளைகளில் பெரும்பாலோரை ஏற்றுக்கொண்டவர்கள் உறவினர்களே. அவ்வாறு வளர்ப்பதை முறைப்படுத்த 2005இல் அங்கே தனிச் சட்டமே இயற்றப்பட்டது.

உடற்குறையும் அறிவுத்திறன் குறைபாடும் உள்ள பிள்ளைகள்தாம் இதில் பின்தங்கிவிடுகின்றனர். மற்றவர்கள் வீடு திரும்பிய பிறகும் இவர்கள் இல்லங்களிலேயே எஞ்சுகின்றனர். பணம் கொடுக்க நினைப்பவர்கள் இவர்களின் குடும்பங்களுக்கு உதவும் அமைப்புகளை முதலில் எண்ணிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பிறந்தநாளன்று சென்னையில் ஓர் இல்லத்துக்குப் போய்ச் சாப்பாடு போடுவது எங்கள் குடும்ப வழக்கம். அதுவும் தவறா?

சாப்பாடு போடுவது தவறே அன்று. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, முன்பின் தெரியாத ஒருவருக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாட வைத்து, கேக் ஊட்டிப் படம் எடுப்பதைத்தான் விட்டுவிட வேண்டும். மாதத்தில் இருபது நாள் இப்படிக் கைகட்டி நன்றி சொல்லும் பிள்ளையின் மனத்தில் என்ன பதியும் என்று எண்ணிப் பாருங்கள். பணத்தைச் செலுத்திவிடுங்கள், பிள்ளைகள் வழக்கம்போல் உண்ணட்டும். படத்தைப் பொறுத்தவரை, பராமரிப்பு தேவைப்படும் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதை இந்தியாவின் 2015ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. வெளிநாட்டிலும் அதே கட்டுப்பாட்டை உங்களுக்கு நீங்களே விதித்துக்கொள்ளுங்கள்.

மேலே சொன்ன கடத்தல் நம் ஊரைத் தொடாத ஒன்று என்றும் நினைக்க வேண்டாம். ஹும்லாவிலிருந்து கொண்டுவரப்பட்டு, கோயம்புத்தூரில் ஓர் இல்லத்தில் அனாதைகளாக உலகுக்குக் காட்டப்பட்ட நேபாளச் சிறுமிகள் 2011இல் மீட்கப்பட்டனர். அவர்களில் பலருக்குப் பெற்றோர் இருந்தனர். இந்தியாவில் வறிய தாயோ பாட்டியோ பிள்ளையைத் தம்முடனேயே வைத்துக்கொள்ள மாதம் 4,000 ரூபாய் தரும் உதவித் திட்டம், அரசின் குழந்தை நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் கீழ் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பணிப்பெண்ணோ காவலாளியோ வறுமையால் பிள்ளையை இல்லத்தில் சேர்க்க நினைத்தால், மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு உடன் சென்று விண்ணப்பிக்க உதவுங்கள்.

ஆன்ட்டி, எனக்கு 16 வயது. நான் உண்மையாகவே உதவத்தான் நினைத்தேன். எல்லோரும் போகாதே என்று மட்டும் சொன்னால் நான் என்னதான் செய்வது? பல்கலைக்கழக விண்ணப்பத்திலும் எழுத ஒன்றும் இருக்காதே.

உன் எண்ணத்தில் குறை எதுவும் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளோடு இருப்பது உனக்குப் பிடிக்கும் என்றால், ஆண்டு முழுவதும் போய் வரக்கூடிய தூரத்தில் உள்ள பிள்ளைகளைத் தேர்ந்தெடு. சிங்கப்பூரில் 1991 முதல் இயங்கும் சிண்டா போன்ற சமூக அமைப்புகளின் வாசிப்பு, துணைப்பாட நிகழ்ச்சிகளில் உன் வயதுக்கு ஏற்ற பணி உண்டா என்று கேள். வாரம் ஒரு மணி நேரம், ஒரே பிள்ளையுடன், ஈராண்டு. அந்தப் பிள்ளை இரவு தன் வீட்டில் தூங்கும். அதன் அம்மா உன்னை அறிவார். அடுத்த வாரம் நீ வருவாய் என்று அதற்குத் தெரியும்.

விண்ணப்பத்தைப் பற்றிய உன் கவலையும் புரிகிறது. இல்லத்துக்குப் போக வேண்டாம் என்று ஏன் முடிவெடுத்தாய், அதற்காக எவற்றையெல்லாம் படித்தாய், பள்ளியில் யாரிடம் பேசினாய் என்பதை எழுது. உன் அப்பாவையோ அம்மாவையோ சேர்த்துக்கொண்டு பயணத்துக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியைக் குடும்பங்களை ஒன்றுசேர்க்கும் அமைப்பு ஒன்றுக்கு அனுப்பு; எந்த அமைப்பு என்பதை ஆராய்ந்து முடிவு செய்யும் பொறுப்பை நீ எடுத்துக்கொள்.

பயணத்தின்போது ஓர் இல்லத்தில் ஏதோ சரியில்லை என்று பட்டால் என்ன செய்ய வேண்டும்?

நிர்வாகியிடம் சண்டையிட வேண்டாம். நீங்கள் கிளம்பியதும் அதன் விளைவைப் பிள்ளைகளே சுமப்பர். எந்தப் பிள்ளையையும் நீங்களாக வெளியே அழைத்துவரவும் கூடாது. கண்டதை, இடம், நேரம், பெயர்ப் பலகை ஆகியவற்றுடன் அன்றே எழுதி வையுங்கள். பிள்ளைகளை விசாரிக்காதீர்கள், படம் எடுக்காதீர்கள். கம்போடியாவில் சைல்ட்சேஃப் அமைப்பின் 24 மணி நேர உதவி எண்ணுக்குத் தெரிவிக்கலாம். நேபாளத்திலும் இந்தியாவிலும் குழந்தைகள் உதவி எண் 1098. நீங்கள் ஒரு முகவர் வழியாகவோ பள்ளி வழியாகவோ சென்றிருந்தால் அவர்களுக்கும் எழுத்தில் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான பதிலைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் பிள்ளையும் அதைப் பார்த்திருந்தால், ஊர் திரும்பியதும் அதைப் பற்றிப் பிள்ளையிடம் பேசத் தவறாதீர்கள். தூக்கம் கெடும் அளவுக்கு மனம் கலங்கியிருந்தால் பள்ளி ஆலோசகரிடம் அழைத்துச் செல்லுங்கள்.